தபாலில் போன யானை

அம்மா ஆடிய சதுரங்க ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. ஓர் ஆட்டம் தொடங்கி முடிய இரண்டு வருடம் ஆகும், சில சமயம் மூன்று. எதிரே ஆடியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரு நகர்த்தலை அட்டையில் எழுதித் தபாலில் போட்டால் பதில் வர ஒரு மாதத்துக்குக் குறையாது. அதுவரை பலகை கூடத்து ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையில் அப்படியே இருக்கும். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் தொலைபேசி வைத்திருப்பார்கள்.

அப்பாவும் போன மாதம் போய்விட்டார். அவர் இருந்தவரை இதை எழுத முடியவில்லை.

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை. கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆவிப் பெட்டியின் கதவைத் திறந்தால் அறை முழுக்க வெந்த துணியின் வாடை அடிக்கும். அம்மாவின் முன்கைகளில் சின்னச் சின்னதாகச் சுட்ட தழும்புகள், சில பழையவை, சில புதியவை. ஒவ்வொரு தட்டிலும் கத்திரி, இடுக்கி, கவ்வி எல்லாம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மேலே டாக்டர் பார்க்காமல் கையை நீட்டுவார், அது அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்பார் அம்மா. கட்டின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவார்கள். ஆவி சரியாகப் போயிருந்தால் அதிலுள்ள வெளிர் கோடுகள் கறுக்கும். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கும் நாட்களில் எனக்கு அந்தக் கோடுகள் கறுத்து வருவதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு.

சதுரங்கம் அவருக்குத் தன் அண்ணனிடமிருந்து வந்தது. மாமா வேலை தேடி வெளிநாடு போனதும் ஆட ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் அப்பா ஆடிப் பார்த்திருக்கிறார். அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். ஒரு சிப்பாயை முன்னால் தள்ளிவிட்டு, அது மாட்டிக்கொண்டதும் பின்னால் இழுக்கப் பார்த்தாராம்.

"அது பின்னாடி வராதுங்க."

"ரிவர்ஸ் கியரே இல்லாத வண்டிய எவன் செஞ்சான்?"

அத்தோடு அப்பா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஏதோ ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தபால்வழி ஆடுகிறவர்களின் முகவரிகள் வந்திருந்தன. இருப்பதிலேயே தூரமானதை அம்மா தேர்ந்தெடுத்தார். ஏன் என்று கேட்டேன். "பக்கத்து ஊர்க்காரன்னா ஒரு நாள் வந்து வாசல்ல நிப்பான். காப்பி போடணும்" என்றார்.

எதிராளியின் பாஷை அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவின் பாஷை அவருக்குத் தெரியாது. தேவைப்படவில்லை. நெடுக்கு வரிசைகளுக்கு ஒன்று முதல் எட்டு, குறுக்கு வரிசைகளுக்கு ஒன்று முதல் எட்டு. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று நான்கு இலக்கங்கள் எழுதினால் போதும். அட்டையில் அது மட்டும்தான் இருக்கும். எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் வெகு நாள் அதை லாட்டரி எண் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, இந்தத் தடவையாவது விழுந்துச்சா?" என்று கேட்பார். "இல்லப்பா, போன தடவையவிட மோசம்" என்பார் அம்மா, சிரிக்காமல்.

எதிராளி எப்போதும் முதலில் குதிரையைத்தான் எடுப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் குதிரைக்காரர். அட்டை வந்திருந்தால் அப்பா வாசலிலேயே குரல் கொடுப்பார். "இந்தா, உன் ஆளு எழுதியிருக்கான்."

"கொண்டாங்க. நீங்கதான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வரி எழுதல."

"பக்கத்துல படுத்துட்டு இருக்கறவளுக்கு எதுக்குடி தபால்?"

அப்பாவுக்குப் பொறாமை கிடையாது. பெருமைதான். டெப்போவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆனால் டெப்போவில் ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "அண்ணி எத்தனை தடவை ஜெயிச்சிருக்காங்க?"

ஒரு தடவைகூட இல்லை. சில ஆட்டங்கள் சமனில் முடிந்தன. மற்றதெல்லாம் தோல்வி. அம்மா அதை மறைத்ததில்லை. தோற்றால் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த நாள் காய்களை மறுபடி அடுக்கி, ஒரு புது அட்டை எழுதுவார்.

கடைசி ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். இயந்திரங்கள் ஏன் பழுதாகின என்று கண்டுபிடித்து அறிக்கை கொடுக்கும் வேலை. விடுமுறைக்கு வந்தபோது அம்மா என்னைப் பலகைக்கு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார். அது வழக்கமில்லை.

"பாரு. என்ன தெரியுது?"

எனக்குக் காய்களின் நடை தெரியும், அதற்கு மேல் தெரியாது. சமமாகத்தான் இருக்கிறது என்றேன்.

"சமமா? அவரோட ராஜாவுக்கு மூச்சு விட இடம் இல்லடி. இன்னும் அவருக்குத் தெரியாது. தெரியறப்ப கதவு எல்லாம் சாத்தியிருக்கும்."

அம்மாவின் முகம் எனக்குப் பழக்கமில்லாத விதத்தில் இருந்தது. முப்பது வருடமாகத் தன்னைத் தோற்கடித்த ஒருவரை முதல் தடவையாகத் தோற்கடிக்கப் போகிறார். பேசும்போதே இருமினார். ஆவி அறையில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் இருமல்தான் என்று நாங்கள் நினைத்தோம்.

அது அந்த இருமல் இல்லை. மழை நின்ற சமயம் அவரை அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். நுரையீரலில் பரவியிருந்தது. ஆபரேஷன் பண்ணிப் பயனில்லை என்றார் டாக்டர். அம்மா கேட்ட முதல் கேள்வி, தபால் போட முடியுமா என்பது. இரண்டாவது, எவ்வளவு காலம் என்பது. டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். அம்மா மனசுக்குள் கூட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். நாட்களை அல்ல, அட்டைகளை.

"போதும். வேகமா ஆடினா முடிச்சிடலாம்" என்றார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா வீட்டைத் துப்புரவாக்கினார். அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார், மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டார், அடுப்பைப் பிரித்து மாட்டினார். கடைசியில் பலகைக்கு வந்தார். காய்களில் தூசி படிந்திருந்தது. அம்மாவாக இருந்தால் ஒரு காயை எடுத்துத் துடைத்து அதே கட்டத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அப்பா மெக்கானிக். மெக்கானிக் பிரிப்பது வேறு விதம். தரையில் செய்தித்தாளை விரிப்பார், கழற்றும் வரிசையிலேயே பாகங்களை அதன் மேல் பரப்புவார், எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவித் துடைத்து, வந்த வழியே மாட்டுவார். அப்படிப் பிரித்து மாட்டிய எந்த இன்ஜினிலும் ஒரு நட்டு மிஞ்சியதில்லை. இதையும் அப்படியே செய்தார். பலகையில் இருந்த அமைப்பிலேயே காய்களைச் செய்தித்தாளின் மேல் பரப்பி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பலகையைத் துடைத்து, திரும்ப வைத்தார்.

செய்தித்தாளில் கட்டங்கள் இல்லை.

அம்மா வீடு வந்தபோது கூடத்துக்குள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தோம். அப்பா பலகையைக் காட்டினார். "பாத்தியா? ஒவ்வொண்ணும் பளபளன்னு. நீ இருந்தப்பக்கூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல."

"என் காயையெல்லாம் சர்வீஸ் பண்ணிட்டீங்களா?"

"ஓவராலிங்."

அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்திருந்த குதிரைக்காரரின் அட்டைக்கு அன்று சாயங்காலமே பதில் எழுதினார். மாத்திரையில் தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு 4464 என்று எழுதினார். தன் யானையை நடுவிலிருந்து ராஜாவின் பக்கம் தள்ளும் நகர்த்தல். எதிராளியின் ராணி அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யானைக்கு ஒரு சிப்பாயின் காவல் இருந்தது. ராணி வெட்டினால் சிப்பாய் ராணியை வெட்டும். எந்தப் பைத்தியக்காரன் சிப்பாயிடம் ராணியைக் கொடுப்பான்? அப்பா அட்டையைக் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டார்.

பதில் வந்த அன்று நானும் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக அப்பாவும் லீவு போட்டிருந்தார். தபால்காரர் அட்டையை அவர் கையில் கொடுத்தார். அப்பா கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். "முப்பத்தேழு, அறுபத்துநாலு." விரலால் கட்டங்களை எண்ணிக்கொண்டு போனார். கறுப்பு ராணியைத் தூக்கினார். அம்மாவின் யானை இருந்த இடத்தில் வைத்தார்.

"அடப்பாவி, யானைய வெட்டிட்டான். இரு, இரு. இந்தச் சிப்பாய் குறுக்க வெட்டுமில்ல?"

"வெட்டும்" என்றார் அம்மா.

"ராணியையா?"

"ராணியத்தான்."

"ஐயய்யோ, குதிரைக்காரன் தலைகுப்புற விழுந்துட்டான்டி!" அப்பா சிப்பாயால் ராணியை வெட்டி, அந்தக் கறுப்பு ராணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை அப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு கேக் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் அவர் படியிலிருந்தே கத்துவது கேட்டது. "ஜெயிச்சாச்சுய்யா, ஜெயிச்சாச்சு!"

அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"என்னம்மா?"

"குதிரைக்காரர் இப்படி ஆடற ஆள் இல்ல."

"வயசாகியிருக்கும். கண்ணு தெரியாம இருக்கும்."

"அவருக்குத் தெரியும்." கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து மனசுக்குள் ஆடிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.  கண்ணைத் திறந்ததும் அந்தச் சிப்பாயைத்தான் பார்த்தார், இப்போது ராணி இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்ததை.

"இது இங்க இருந்து வெட்டியிருக்க முடியாது. இது எண்பத்துமூணுல நின்னுது. ஓரத்துல. நானே தள்ளினேன், மழை பெய்ஞ்ச அன்னிக்கு. இங்க எழுபத்துமூணுல நின்னிருக்கு. ஒரு கட்டம் உள்ள."

எனக்கும் புரிந்தது. ஓரத்தில் நின்ற சிப்பாய் அந்த யானைக்குக் காவல் இல்லை. எதிராளியின் பலகையில் யானை தனியாக வந்து நின்றது. அவர் எடுத்துக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். அம்மா ஒரு யானையை இழந்துவிட்டார். அந்த ஆட்டம் போயிற்று.

யார் தொட்டது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அவருக்கு எழுதலாம்மா. காய் இடம் மாறிப்போச்சு, அந்த நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கறோம்னு. புரிஞ்சுப்பாரு."

"பெட்டியில விழுந்தா விழுந்ததுதான். அவர் ஆட்டத்தை அவர் ஒழுங்காத்தான் ஆடியிருக்காரு."

"இந்த ஒரு ஆட்டம்தானேம்மா."

 அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பா கையில் ஒரு டப்பாவோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். பஸ்ஸுக்குக்கூட ஒதுங்காத நடை.

"நீ அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"எப்படிம்மா மறைக்கிறது? ஆட்டம் தோத்ததும் தெரியத்தானே போகுது?"

"அது முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்." அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "வேலையில ஒரு நட்டைக்கூட மாத்திப் போட்டதில்ல அந்த மனுஷன். இது தெரிஞ்சா, நான் போனதுக்கப்புறம் தனியா உக்காந்து இந்தச் சிப்பாயையே பாத்துட்டு இருப்பாரு. அது வேண்டாம்."

அப்பா கேக்கோடு உள்ளே வந்தார். அம்மா ஒரு துண்டு தின்றார், விழுங்க முடியாமல். நானும் தின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு ஆட்டம் நடந்தது. ஒன்று உண்மையானது, பலகையில்லாமல், அம்மாவின் தலைக்குள்ளும் தபாலிலும். ஒரு யானை குறைவாக அவர் அதை விடாமல் ஆடினார். இன்னொன்று கூடத்தில், அப்பாவுக்காக. பலகையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். தபால் வரும் நேரத்தில் அப்பா டெப்போவில் இருப்பார். மாடியேறி வரும் தபால்காரரிடம் அம்மா அட்டையைத் தன் கையிலேயே வாங்கிவிடுவார். சாயங்காலம் அப்பா வந்ததும், "வந்திருந்துச்சு, நானே நகர்த்திட்டேன்" என்று பலகையைக் காட்டுவார். அதில் குதிரைக்காரர் செய்யாத நகர்த்தல் ஒன்று இருக்கும்.

அடுத்த தடவை நான் போனபோது அம்மா அந்தப் பொய் ஆட்டத்துக்கு நகர்த்தல் தேடிக்கொண்டிருந்தார். கறுப்புக் காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவர் பக்கம் நானே ஆடறது கஷ்டமா இருக்குடி. ரொம்ப நல்லா ஆடினா நான் ஜெயிக்க மாட்டேன். ரொம்ப மோசமா ஆடினா அவருக்கு அவமானம்."

"அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அப்பா தினமும் வேலை விட்டு வந்ததும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். "இன்னும் விழலையா அவன்?"

"இழுக்கறாரு."

"ராணி போனப்புறமும் என்னடி இழுப்பு? தோத்தவனுக்கு ஒரு வெக்கம் வேண்டாமா?"

"இருந்து ஆடட்டுங்க. அவசரம் என்ன?"

அவசரம் இருந்தது. எலும்புகள் தெரிந்தன. பேனா பிடிக்கும்போது விரல் நழுவியது. கடைசி இரண்டு அட்டைகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிராண வாயுக் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு நான்கு இலக்கங்களைச் சொல்லுவார், மறுபடி மாட்டிக்கொள்வார். வெல்ல வழி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஏன் ஆடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அட்டை போகாமல் நின்றுவிட்டால் அப்பா கேட்பார். அது ஒரு காரணம். வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

ஒரு காலையில், அப்பா தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள், போய்விட்டார்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின் குதிரைக்காரருக்கு நான்தான் எழுதினேன். ஆங்கிலத்தில், எளிய இரண்டு வாக்கியம். என் அம்மா இறந்துவிட்டார், ஆட்டம் நின்றுவிட்டது. அவருக்கு அதைப் படித்துச் சொல்ல யாராவது இருப்பார்கள் என்று நினைத்தேன். இதோடு தீர்ந்தது என்றும் நினைத்தேன்.

அப்பாவைத் தனியே விட முடியாமல் விடுப்பை நீட்டித்திருந்தேன். அவர் டெப்போவுக்குப் போகவில்லை. பலகைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஜெயிக்கப்போற ஆட்டத்தை ஏன் கலைக்கணும்?" என்றார். அங்கே அம்மாவின் காய்கள் எதிராளியின் ராஜாவைச் சுற்றி நின்றன. அவ்வளவையும் அம்மாதான் தன் கையால் நிறுத்தியிருந்தார்.

குதிரைக்காரரின் பதில் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் அப்பா அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  நான்கு இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'டிரா' என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பழைய ஆட்டங்களில் அந்தச் சொல் வந்திருந்ததால் அப்பாவுக்கு அதன் அர்த்தம் தெரியும். சமன் என்று வைத்துக்கொள்வோமா?

"பாரு. இழவு வீடுன்னு தெரிஞ்சும் திருட வந்திருக்கான்."

"அப்பா."

"ராணி இல்ல, ராஜாவுக்கு நாலு பக்கமும் வழி இல்ல. இன்னும் ரெண்டு நகர்த்தல்ல முடியவேண்டியது. அவ செத்துட்டான்னு தெரிஞ்சதும் சமனாம். முப்பது வருஷம் ஆடினவன் பண்ற வேலையா இது? பேனா எடு."

"எதுக்குப்பா?"

"நான் சொல்றேன், நீ அவன் பாஷையில எழுது. எழுது, உனக்கு மானம் இருந்தா தோத்தேன்னு ஒரு வரி எழுதி அனுப்பு. அவளுக்குச் சேரவேண்டியதைக் குடுத்துடு. பிணத்து வாயில இருக்கறதைப் பிடுங்காத. அப்படியே எழுது."

நான் பேனாவை எடுத்தேன். முகவரியை எழுதினேன். அந்த மனிதர் வென்றுகொண்டிருந்தார். முழுதாக ஒரு யானை அதிகம். துக்கம் கேட்டுவிட்டுத் தன் வெற்றியில் பாதியை அம்மாவுக்குக் கொடுக்கிறார். அவருக்கு இந்த வார்த்தைகள் போய்ச் சேரும். அவர் தன் பலகையைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பற்றி என்ன நினைப்பார்? நியாயமாக ஆடிய ஒருவரை அம்மாவின் பெயரால் திட்டி எழுத என் கை வரவில்லை.

"அப்பா, அம்மா ஜெயிக்கல."

"என்ன?"

"அவர்தான் ஜெயிச்சுட்டிருந்தாரு. நெஜ ஆட்டம் வேற. இந்தப் பலகை தப்பு. ஒரு சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்னுச்சு. அதை நம்பித்தான் அம்மா யானைய அனுப்பினாங்க. காவல் இல்லாத யானை. அவர் சும்மா வெட்டிட்டாரு."

அப்பா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெக்கானிக்கின் பார்வை. எங்கே பழுது என்று சொன்னால் எப்போது, யார் கை பட்டது என்று அடுத்துக் கேட்பவர்.

"எப்போ தள்ளிப்போச்சு?"

நான் பிழைக்கச் செய்யும் வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். காரணம் எங்கே தொடங்கியது என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மாற்றி எழுதியதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே. அம்மா கார்டுல ஒரு கட்டம் எழுதிட்டு, பலகையில பக்கத்துக் கட்டத்துல வெச்சிருக்காங்க. உடம்பு சரியில்லாத நேரம்."

"நான் துடைச்சப்போ?"

"நீங்க இருந்தபடியேதான்பா வெச்சீங்க. தப்பு அதுக்கு முன்னாடியே அதுல இருந்தது."

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தக் கார்டு வந்த அன்னிக்கே."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஜெயிக்கறேன்னு சொன்னா?"

"நீங்க கேக் வாங்கிட்டு வந்தீங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.  அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. தப்பாக நின்ற அத்தனை காய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

"அவளா?" என்றார் கடைசியில். "ஒரு தட்டுல ஒரு கத்திரிய மாத்தி வெச்சதில்ல. அவளா ஒரு சிப்பாயை மாத்தி வெச்சா?"

"உடம்பு, அப்பா."

"ஆமா. உடம்பு." தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். "அப்போ இந்த ஆளு ஜெயிச்ச ஆட்டத்தையா சமன்னு குடுக்கறான்?"

"ஆமா."

"நல்லவன்தான்." அட்டையைத் திருப்பி முகவரியைப் பார்த்தார், முதல் தடவை பார்ப்பதுபோல. "ஆனா வேண்டாம். திருப்பி எழுதிடு. நன்றின்னு எழுது. தோத்துட்டோம்னு எழுது."

"சமன்னு வெச்சுக்கலாமேப்பா. அவரே குடுக்கறாரு."

"அவ தோத்தா தோத்ததுதான். முப்பது வருஷம் யார்கிட்டயும் ஒண்ணும் சும்மா வாங்கல அவ. அவ பண்ணின தப்பு அவளோடயே இருக்கட்டும். அதை இன்னொருத்தன் இரக்கப்பட்டுத் துடைக்க வேண்டாம். எழுதும்மா."

எழுதினேன். முகவரி எழுதியிருந்த அதே அட்டையில். நன்றி என்று ஒரு சொல், தோல்வி ஏற்கப்பட்டது என்று ஒரு சொல், கீழே அம்மாவின் பெயர். அப்பா அதை என்னிடம் தரவில்லை, தானே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியில் தையல்காரர் நிறுத்தி விசாரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என்ன அண்ணே, ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தோத்துட்டா."

"ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"நல்லாத்தான்யா ஆடினா. நடுவுல ஒரே ஒரு தப்பு பண்ணிட்டா. ஒரு சிப்பாயை இடம் மாத்தி வெச்சுட்டா."

"விடுங்கண்ணே. யானைக்கும் அடி சறுக்கும்."

"அதான். அதைத்தான் நானும் சொல்றேன்."

அதன்பின் டெப்போவிலும், உறவினர்களிடமும், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு வேலை பார்த்த பெண்களிடமும் அப்பா அதைச் சொன்னார். சொல்லும்போது எப்போதும் அம்மாவுக்குப் பரிந்துதான் பேசுவார். மருந்து அப்படி, உடம்பு அப்படி, யாராயிருந்தாலும் தவறியிருக்கும் என்பார். கேட்டவர்கள் ஆமாம் என்பார்கள். பக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்த தையல்காரரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்க, பாதியில் நிறுத்தி நிறுத்தி. அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.